குரலை எடுத்துவிட்ட பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறுமை கிடையாது. திண்டிவனத்தில் முப்பது வருஷமாக சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். தொம்மை சவுண்டு என்றால் ஒலக்கூரிலிருந்து செஞ்சி வரைக்கும் தெரியும். தொம்மை வாய் என்றால் அதைவிட நன்றாகத் தெரியும். என் வண்டியில் ஏறிய டிஜே பையன்கள் ஏழு பேர். ஏழு பேரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடிப்போனார்கள். எட்டாவதாக வந்தவள் இசைவாணி. அவள் ஓடவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தி முடித்தால், "ஆச்சாண்ணா? அந்த ஒயரை எடுங்க" என்பாள். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டாமா? யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

ஒலக்கூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுடையது. அப்பா மணிமாறனுக்குச் சொந்த நிலம். ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை, அதான் நிலக்கடலை. ரெண்டு பெண்கள். பெரியவள் இசைவாணி, அவளைவிட ஐந்து வயது இளையவள் கவிதா. ரெண்டு பேருக்கும் அப்பாவின் பல். மேல்வரிசை கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். லட்சணமான முகங்கள்தான், நான் அடித்துச் சொல்வேன். ஆனால் இசைவாணி பதினொன்றாவது படிக்கும்போது ஒரு பாட்டு வந்து தொலைந்தது. எந்தப் படம், யார் பாடியது என்றெல்லாம் கேட்காதீர்கள், அவர்களுக்கு நான் விளம்பரம் கொடுக்க மாட்டேன். "எத்துப்பல்லு எட்டிப் பாக்குது, முத்தம் கேட்டா முட்டித் தள்ளுது" என்று அதில் ஒரு வரி. நல்ல குத்து. கேட்டால் கால் தானாக ஆடும். வினையே அதுதான்.

அக்காளும் தங்கையும் காலையில் டவுன் பஸ் ஏறினால் பின் சீட்டிலிருந்து அந்த வரி கிளம்பும். கண்டக்டரும் சேர்ந்து சிரிப்பார். கவிதா அப்போது ஆறாம் வகுப்பு, பாட்டு யாருக்கு என்று புரியாமல் அவளும் கூடப் பாடினாளாம். புரிந்த நாளிலிருந்து பாடவில்லை. அதிலிருந்து ரெண்டு பேருக்கும் ஒரே பழக்கம், சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். இதையெல்லாம் இசைவாணி ஒரு நாள் வண்டியில் வரும்போது சொன்னாள், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

காலேஜ் முடித்துவிட்டு அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் இருந்தாள். என் ஏழாவது டிஜே ஓடிப்போன வாரம், அவன் விட்டுப்போன லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அரை மணி நேரம் அதைக் குடைந்துவிட்டு, "இதுல பாட்டே இல்லியே, எல்லாம் நெட்லேர்ந்து வந்துக்கினு இருந்திருக்கு. நான் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். பாட்டுப் போடவா, பார்க்கவா என்று எனக்குப் புரியவில்லை. ரெண்டையும் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல்பேட்டையில் ஒரு காதுகுத்துக்கு அவள்தான் டிஜே.

அவள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது. பழைய பையன்கள் பென்டிரைவ் நிறையப் பாட்டு வைத்திருப்பார்கள். இவளிடம் ஒன்றும் கிடையாது. மாசச் சந்தா கட்டிய இடத்திலிருந்து அந்த நிமிஷத்துக்கு வேண்டிய பாட்டை நெட்டில் இழுப்பாள். பெரியப்பா பழைய பாட்டுக் கேட்டாலும் வரும், மச்சான் நேற்று வந்த பாட்டுக் கேட்டாலும் வரும். அதற்காக ரெண்டு கம்பெனி சிம் வைத்திருப்பாள். மண்டபத்தில் நுழைந்ததும் மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடினால் இவள் சிக்னல் தேடுவாள்.

அதைவிட வேடிக்கை இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கிற பாட்டையே நாலாகப் பிரிப்பாள். குரல் ஒன்று, மேளம் ஒன்று, அடித்தொண்டையில் உறுமுகிற பேஸ் ஒன்று, மிச்ச வாத்தியமெல்லாம் ஒன்று. ஸ்டெம் என்று அதற்குப் பேர். நாலுக்கும் நாலு பட்டன், எது வேண்டாமோ அதை அமுக்கினால் அது மட்டும் போய்விடும்.

"கலக்கின சாம்பார்லேர்ந்து புளியை மட்டும் எடுப்பியா நீ? யார்கிட்ட கதை வுடறே?" என்று நான் சண்டைக்குப் போனேன். அவள் பட்டனை அமுக்கிக் காட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன், அது ஊரில் அபூர்வம்.

நெட்டில் வருகிற பாட்டை முன்கூட்டியே பிரித்துக் கட்டிவைக்க முடியாதாம். வர வர, அங்கேயே, அப்போதே பிரிக்க வேண்டும். லேப்டாப் சூடேறி, உள்ளே இருக்கிற ஃபேன் மூச்சு வாங்கும். குரலை எடுத்த பிறகும் உற்றுக் கேட்டால் அடியில் தண்ணீருக்குள் யாரோ பேசுகிற மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கும். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

வல்லம் பக்கத்தில் ஒரு கல்யாணத்தில்தான் முதல் தடவையாக அந்த எத்துப்பல்லுப் பாட்டைக் கேட்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முடியாது என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பாட்டை இழுத்தாள், குரல் பட்டனை அமுக்கினாள், விட்டாள். வெறும் குத்து மட்டும் வந்தது. அந்த வரி வருகிற இடத்தில் பெரிய பள்ளம். கூட்டம் விடுமா? முந்நூறு பேர் ஒரே தொண்டையாக "எத்துப்பல்லு எட்டிப் பாக்குது" என்று அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். யாரோ செல்போனில் பிடித்துப் போட்டுவிட்டான். ஒரே வாரம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் "இசைக்கா ஸ்பெஷல் போடுங்க!" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"புடிக்கலேன்னா சொல்லேம்மா. நான் பேசிக்கிறேன் அவனுங்ககிட்ட" என்றேன்.

"குரல் போயிட்டா அது பாட்டே இல்லண்ணா. வெறும் தாளம். எனக்கு ஒண்ணியும் இல்ல" என்றாள். நானும் நம்பினேன், மடையன்.

போன வருஷம் ஒரு நாள் அந்தப் பட்டன் சாம்பல் நிறமாகச் செத்துக்கிடந்தது. அவள் சந்தா கட்டியிருந்த இடத்தில் பாட்டைக் கொடுப்பார்களாம், பிரிக்க மட்டும் இனிமேல் விடமாட்டார்களாம். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டார்கள். "நெட் போச்சு" என்று பொய் சொல்லி வேறு பாட்டுப் போட்டுவிட்டாள். மறுநாளே பிரிக்க விடுகிற இடமாகத் தேடிப்பிடித்துச் சந்தாவை மாற்றினாள். 'ஒண்ணியும் இல்ல' என்று சொன்னவள் இவ்வளவு பாடுபடுவானேன் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இந்தத் தை மாசம் கவிதாவுக்குக் கல்யாணம் கூடியது. பையன் வல்லரசு, கோலியனூர்க்காரன், டிராக்டர் மெக்கானிக். வீட்டார் பார்த்த சம்பந்தம்தான், ஆனாலும் நாலு மாசம் ரெண்டும் போனில் பேசித் தீர்த்தன. விழுப்புரத்தில் மண்டபம். எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிந்தால் தாலி. டிஜே வேலைக்கு வேறு ஆள் வைக்கிறேன் என்று மணிமாறன் சொன்னார். இசைவாணி கேட்கவில்லை.

"வேற எவனாவது வந்தா அந்தப் பாட்டைப் போட்டுடுவாண்ணா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "கவிதா மேடையில நிக்கறப்போ அது கேக்கக் கூடாது. நான் இருந்தா கேக்காது."

ஆக, அக்கா பட்டுப்புடவையோடு லேப்டாப் முன்னால் நின்றாள். ஏழு மணி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கவிதா மேடையில் உதட்டை ஒட்டிவைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். சிரிம்மா என்று போட்டோக்காரன் கெஞ்சியதற்கு உதட்டோரம் மட்டும் அசைந்தது. அப்போது மாப்பிள்ளையின் தோழன் தென்னரசு, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தான்.

"அக்கா, நீங்கதான் இசைக்காவா? நம்ம அண்ணி வூட்டு ஆளுன்னு தெரியவே தெரியாதுக்கா! உங்க ஸ்பெஷல் போடுங்க!"

"நெட் இல்ல தம்பி."

"இதுக்குப் போய் பேஜாரு ஆவறீங்களே. இந்தாங்க ஹாட்ஸ்பாட், அஞ்சு கோடு ஃபுல்லா நிக்குது" என்று போனை நீட்டினான் அந்தப் புண்ணியவான். முகத்தில் சூது வாது எதுவும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"டேய்..." என்று ஆரம்பித்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து மணிமாறன் என்னைப் பார்த்தார். பெண் வீட்டுக்காரரின் பார்வை அது. சம்பந்தி வீட்டுப் பையன்களோடு சண்டை வேண்டாம், நாளைக்குத் தாலி ஏற வேண்டும் என்கிற பார்வை. என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கோபத்தை விழுங்கினேன்.

இசைவாணி பாட்டைப் போட்டாள். குரலை எடுத்துவிட்டுத்தான் போட்டாள். மேளம் அடித்ததும் மண்டபமே எழுந்துவிட்டது. அந்த இடம் வந்தது. "எத்துப்பல்லு எட்டிப் பாக்குது!" மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பந்தி பரிமாறுகிறவர்கள், எல்லோரும். மேடையில் கவிதாவின் கை வாய்க்குப் போனது. வளையல் அடுக்கின கை, மருதாணி வைத்த கை. பக்கத்தில் வல்லரசு கைதட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான்.

இசைவாணி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேளப் பட்டனை அமுக்கினாள். மேளம் போயிற்று. பேஸ் பட்டனை அமுக்கினாள், தரையில் இருந்த அதிர்வு நின்றது. கடைசிப் பட்டனையும் அமுக்கினாள். பாட்டில் இப்போது ஒன்றுமே இல்லை. மண்டபத்தில் ஆட்களின் தொண்டை மட்டும்தான். வாத்தியம் இல்லாமல் அந்த வரியைக் கேட்டிருக்கிறீர்களா? சகிக்காது. பின்வரிசை முதலில் நிறுத்தியது. அப்புறம் தோழர்கள் ஒவ்வொருவராக. தென்னரசு பாதி வார்த்தையில் நிறுத்தினான். கடைசியாக ஒரே ஒரு குரல் மிச்சம் இருந்தது, "முட்டித் தள்ளுது" என்று ஆனந்தமாக. வல்லரசு. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் திரும்பினான்.

கவிதா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மணமகள் அறைக்குள் போய்விட்டாள்.

இசைவாணி ஓடினாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். உள்ளே அம்மா கோவிந்தம்மாள் அழுதுகொண்டு, "காலையில தாலிடி, ஆயிரம் பேரு வந்துக்கினு இருக்காங்கடி" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். இசைவாணி தங்கையின் காலடியில் உட்கார்ந்தாள்.

"தப்பு என் மேலதாண்டி. மாப்பிள்ளையைச் சொல்லாதே. நெட் இல்லேன்னு பொய் சொல்லிப் பாத்தேன், நடக்கல. குரலை எடுத்துட்டா ஆச்சுன்னு நெனச்சேன். ஊர் பூரா பாட வெச்சது நான்தான்."

"தெரியுங்க்கா" என்றாள் கவிதா. "செஞ்சியில என் ஃபிரண்டு கல்யாணத்துக்கு நீ வந்தியே. நான் பந்தியில உக்காந்துக்கினு இருந்தேன். எங்க டேபிள்ல இருந்தவங்க எல்லாம் பாடிட்டு, அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாங்க. நீ பாக்கல. அந்தப் பாட்டு ஓடறப்ப மட்டும் ரெண்டு காதையும் ஹெட்போன் போட்டு மூடிக்கினு குனிஞ்சுடறே. உனக்கு எப்படிக் கேக்கும்?"

எனக்குத் திக்கென்றது. மற்ற பாட்டுக்கெல்லாம் அவள் ஒரு காதைத் திறந்துதான் வைத்திருப்பாள். எத்தனை மேடையில் பக்கத்தில் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

அப்போது வல்லரசு வந்தான். நான் வழியை மறித்தேன். "அவரை உடுங்க அங்கிள்" என்றாள் கவிதா. உள்ளே போய் நின்றான். பட்டு வேட்டியில் கை ரெண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"இந்தப் பாட்டை என்னை வெச்சு எப்பவாவது பாடியிருக்கீங்களா?" என்று கவிதா கேட்டாள்.

இல்லை என்று சொல்லித் தொலையேன்டா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், அந்தோணியாருக்கே ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

"பாடினோம்" என்றான். "பொண்ணு பாத்துட்டு வண்டியில திரும்பறப்போ தென்னரசுதான் எடுத்துவுட்டான். எல்லாரும் பாடினானுங்க. நானும் சிரிச்சேன்." அவளை நேராகப் பார்த்துச் சொன்னான், "அப்புறம் உங்கிட்ட பேசப் பேச அது மறந்தே போச்சு. இன்னிக்குப் பாடறப்பகூட அது உன்னைப் பத்தின பாட்டுன்னு ஞாபகம் வர்ல. அது இன்னும் மோசம்னு இப்பதான் தெரியுது. காலையில நீ வர்லேன்னா நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்."

கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கவிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லேன்னு பொய் சொல்லியிருந்தா இப்பவே பஸ் ஏறியிருப்பேன்" என்றாள். "காலையில தாலி கட்டலாம். ஆனா இனிமே உங்க பசங்க பாடினா நீங்க சிரிக்கக் கூடாது. சிரிக்காம இருக்கறது கஷ்டம், நல்ல குத்து அது. கஷ்டப்படுங்க."

அவன் தலையை ஆட்டினான். பிறகு அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீயும் நெட் இல்லேன்னு சொல்லியிருக்க வேணாங்க்கா. புடிக்கலேன்னு சொன்னா இன்னா ஆயிடும்? ஒரு தடவையாவது சொல்லியிருக்கியா யார்கிட்டயாவது?"

சொன்னதில்லை. எனக்குத்தான் தெரியுமே. என்னிடமே 'ஒண்ணியும் இல்ல' என்றவள்தானே.

கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள், வல்லரசு பின்னால் போனான். மண்டபத்தில் குசுகுசுவென்று பேச்சு. நானும் இசைவாணியும் எங்கள் மேஜைக்குத் திரும்பினோம், நான் மைக்கை எடுத்தேன். கல்யாணத்தில் இதெல்லாம் சகஜம் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். இசைவாணி மைக்கை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நெட் இல்லேன்னு அந்தத் தம்பிகிட்ட சொன்னது பொய்யி. அந்தப் பாட்டு எனக்குப் புடிக்காது. எனக்கு எத்துப்பல்லு. என் தங்கச்சிக்கும் எத்துப்பல்லு. அதோ முன்னால உக்காந்துக்கினு இருக்காரே எங்கப்பா, அவர்கிட்டேர்ந்து வந்தது. பஸ்ல இதைப் பாடிப்பாடி எங்களை அழ வெச்சாங்க. அதையே நான் குரலை எடுத்துட்டு உங்க எல்லாரையும் பாட வெச்சேன். தப்புப் பண்ணிட்டேன். இனிமே எங்கயும் போட மாட்டேன். வேற எது வேணும்னாலும் கேளுங்க, போடறேன்."

ஒரு வார்த்தையைக்கூட அவள் விழுங்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. தென்னரசு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்கு அப்போது மணிமாறனைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அந்த மனுஷனுக்கு இது எதுவுமே தெரியாது. பத்து வருஷத்துக்கு மேலாகப் பெண்கள் ரெண்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அடக்கம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

அவர் எழுந்தார். தோளில் இருந்த துண்டால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். மகளைத் திட்டப்போகிறாரா, என்னை அடிக்கப்போகிறாரா என்று தெரியாமல் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"எது வேணும்னாலும் கேக்கலாம்னியே" என்றார். "எனக்கு ஒரு பாட்டு போடு." பழைய பாட்டு ஒன்றைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் மகளிடம் ஒரு பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இசைவாணி பாட்டைத் தேடி எடுத்தாள். கை பழக்கத்தில் அந்த நாலு பட்டன் பக்கம் போய் நின்றது. "குரலோடயாப்பா?" என்று கேட்டாள்.

"பின்னே? குரல் இல்லாம அது இன்னாம்மா பாட்டு" என்றார் மணிமாறன், பல் அத்தனையும் தெரிய.

அவள் போட்டாள். நான் வால்யூமை ஏற்றினேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.